தௌபாலில் 90 வாக்குகள்: இரோம் ஷர்மிளா தோற்ற தேர்தல்

2017 மார்ச் 11 அன்று மணிப்பூர் சட்டமன்றத் தேர்தல் முடிவுகள் வெளியானபோது தௌபால் தொகுதியின் கணக்கு இதுதான்: காங்கிரஸ் முதலமைச்சர் ஒக்ரம் இபோபி சிங் 18,649. பாஜக வேட்பாளர் பசந்தா சிங் 8,179. நோட்டா 143. மக்கள் எழுச்சி மற்றும் நீதிக் கூட்டணியின் இரோம் சானு ஷர்மிளா 90. டெபாசிட் திரும்பக் கிடைக்க அங்கே ஏறத்தாழ 4,500 வாக்குகள் வேண்டும்.

அன்று மாலைக்குள் அந்த 90 நாடு முழுக்கப் பேச்சாகிவிட்டது. ஆயுதப்படைகள் சிறப்பு அதிகாரச் சட்டத்தை நீக்கக் கோரிப் பதினாறு ஆண்டு பட்டினி கிடந்தவருக்கு மணிப்பூர் காட்டிய நன்றி இதுதானா என்று கேட்டார்கள். யாரும் வேண்டாம் என்று நோட்டாவுக்குக் குத்திய கூட்டத்தைவிட ஷர்மிளாவுக்குக் குத்திய கூட்டம் சிறியது என்பது உண்மையிலேயே நெஞ்சை அறுக்கும் செய்தி. ஆனாலும் 'நன்றி கெட்ட ஜனங்கள்' என்ற தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை. அது தௌபால் மக்களுக்கும் நியாயமில்லை, ஷர்மிளாவுக்கும் நியாயமில்லை. அவர் கேட்டது நன்றிக்கடனை அல்ல. அந்தச் சட்டத்தை எடுப்பதற்கான அதிகாரத்தை. அந்த அதிகாரம் ஏன் கிடைக்கவில்லை என்பதை வாக்குப்பெட்டியிலிருந்து பின்னோக்கிப் பார்த்தால்தான் புரியும்.

மாலோமும் மருத்துவமனை அறையும்

2000 நவம்பர் 2 அன்று இம்பாலை அடுத்த மாலோமில், பேருந்து நிறுத்தத்திலும் அதைச் சுற்றியும் இருந்த 10 பேரை அசாம் ரைபிள்ஸ் படையினர் சுட்டுக் கொன்றார்கள். இறந்தவர்களில் அறுபதைத் தாண்டிய மூதாட்டியும் உண்டு, சிறுவயதில் வீரதீரச் செயலுக்காகத் தேசிய விருது வாங்கிய இளைஞரும் உண்டு. படையினர் மீது வழக்குத் தொடர மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும் என்கிறது 1958ஆம் ஆண்டின் ஆயுதப்படைகள் சிறப்பு அதிகாரச் சட்டம். அந்த அனுமதி வருவதில்லை என்பது மணிப்பூரில் குழந்தைக்கும் தெரியும்.

அப்போது ஷர்மிளாவுக்கு வயது 28. மாலோமுக்கு முந்தைய மாதம்தான், இந்தச் சட்டத்தின் விளைவுகளை விசாரிக்க வந்த மக்கள் விசாரணைக் குழுவுக்குத் துணையாக, பாதிக்கப்பட்டவர்களைச் சந்தித்து வாக்குமூலம் சேகரிக்கும் வேலையில் இருந்தார். இது பலர் கண்ணில் படாமல் போகும் விஷயம். அவர் தொடங்கியது களப்பணியாளராக. வீடு வீடாகப் போய், திண்ணையில் உட்கார்ந்து, அழுகிறவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதிக்கொண்டவர். தேர்தலுக்கு வேண்டிய திறமையும் அதேதான்.

மாலோம் நடந்த சில நாட்களில் உண்ணாநோன்பைத் தொடங்கினார். நவம்பர் 6 அன்று தற்கொலை முயற்சி வழக்கில், இந்தியத் தண்டனைச் சட்டம் 309ஆம் பிரிவின் கீழ், கைதானார். அந்தப் பிரிவுக்கு அதிகபட்சத் தண்டனை ஓராண்டு. ஆகவே ஆண்டுதோறும் விடுதலை, மறுபடி நோன்பு, மறுபடி கைது. மூக்கு வழியே குழாய் விட்டு உணவு செலுத்தினார்கள். இம்பால் போரோம்பட்டில் உள்ள ஜவாஹர்லால் நேரு மருத்துவ அறிவியல் கழக மருத்துவமனையின் ஓர் அறை அவருக்குச் சிறையானது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை நீதிமன்றத்துக்குக் கூட்டிப்போவார்கள். பார்க்க வருகிறவர்களுக்கு அனுமதி வேண்டும். 2006இல் விடுதலையான இடைவெளியில் டெல்லிக்குப் போய் ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார், அங்கேயும் கைது. சட்டம் நீங்கும்வரை தாயின் முகத்தைப் பார்ப்பதில்லை என்றும் விரதம்.

இந்த ஆண்டுகளில் உலகம் அவரை அறிந்தது. 2007இல் தென்கொரியாவின் குவாங்ஜு மனித உரிமைப் பரிசு வந்தது. தமிழ் இதழ்கள் உட்பட எல்லாரும் 'இரும்புப் பெண்மணி' என்றார்கள். ஆனால் ஒரு தொகுதியின் மக்கள் ஒருவரை எப்படி அறிவார்களோ அப்படி அறியும் வாய்ப்பு மணிப்பூரிகளுக்கே இல்லாமல் போனது. யார் வீட்டுச் சாவுக்கும் அவர் போக முடியாது. ரேஷன் வராத தெருவில் நின்று பேச முடியாது. அவர் படம் எல்லா இடத்திலும் இருந்தது, அவர் எங்கேயும் இல்லை. அரசு அவரைப் பூட்டி வைத்ததன் மிகப் பெரிய பலன் இதுதான் என்று நினைக்கிறேன்: உயிரையும் காப்பாற்றியது, அரசியலிலிருந்தும் அகற்றியது.

ஒரே நாளில் போன கூட்டம்

2016 ஆகஸ்ட் 9. நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. செய்தியாளர்கள் முன் உள்ளங்கையில் தேனை வாங்கி, நெடுநேரம் தயங்கி, அழுது, நாவில் வைத்தார். தேர்தலில் நிற்பேன், முதலமைச்சராகி இந்தச் சட்டத்தை எடுப்பேன் என்றார். பிரிட்டிஷ் குடிமகனான டெஸ்மண்ட் கூட்டினோவைத் திருமணம் செய்யப்போவதாக முன்பே தெரிந்திருந்தது.

அன்று மாலை தங்குவதற்குக் கூட்டிப்போன இடத்தில் அக்கம்பக்கத்தார் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். போக்கிடம் இல்லாமல், பதினாறு ஆண்டு சிறையாக இருந்த அதே மருத்துவமனைக்குத் திரும்பினார். ஆயுதக் குழுக்களின் கூட்டமைப்பு ஒன்று நோன்பைக் கைவிட வேண்டாம் என்று ஏற்கெனவே அறிக்கை விட்டிருந்தது. தேர்தல் அரசியலுக்குப் போன பழைய போராளிகளுக்கு நேர்ந்த கதியை அதில் நினைவூட்டியும் இருந்தது. வீட்டில் இடம் கொடுப்பவர்களின் அச்சத்துக்கும் காரணம் இருந்தது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இதைவிட முக்கியம் மெய்ரா பைபிகளின் மனக்கசப்பு. இரவில் தீப்பந்தம் ஏந்தித் தெருக்காவல் நிற்கும் பெண்கள் அவர்கள். மணிப்பூர்ப் பள்ளத்தாக்கில் ஒவ்வொரு லெய்காயிலும், அதாவது ஒவ்வொரு குடியிருப்பிலும், அவர்களுக்கு ஓர் அமைப்பு உண்டு. 2004இல் அசாம் ரைபிள்ஸ் பிடித்துச் சென்ற தங்ஜம் மனோரமா கொல்லப்பட்டபோது காங்லா கோட்டை வாசலில் ஆடை களைந்து நின்று நாட்டைத் தலைகுனிய வைத்த 12 தாய்மாரும் இந்த மரபில் வந்தவர்கள். ஷர்மிளாவுக்கு ஆதரவாக 2008இலிருந்து மருத்துவமனைக்கு அருகே முறைவைத்து உண்ணாநோன்பு இருந்த பெண்களும் இப்படிப்பட்டவர்களே. வீட்டு வேலையை முடித்து, சந்தைக் கடையைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு, வந்து உட்கார்ந்தவர்கள். நோன்பை முடிக்கும் முடிவைத் தங்களிடம் கேட்கவில்லை என்று அவர்கள் வருந்தினார்கள்.

அந்த வருத்தத்தை மூடத்தனம் என்று ஒதுக்குபவர்களோடு நான் உடன்படவில்லை. ஆண்டுக்கணக்கில் உடன் பட்டினி கிடந்தவர்களுக்கு ஒரு வார்த்தை கேட்கும் உரிமை உண்டு. அதே சமயம், 44 வயதில் ஒரு பெண் இனி நான் சாப்பிடுவேன், மணம் செய்துகொள்வேன் என்று சொல்ல யாரிடமும் உத்தரவு வாங்க வேண்டியதில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. தேர்தல் கணக்கில் மட்டும் இதற்கு ஒரே விளைவு: வாக்குச்சாவடிக்கு வாக்குச்சாவடி ஷர்மிளாவுக்காக வீடு ஏறியிருக்கக்கூடிய ஒரே படை, வேட்பாளர் என்று அவர் தன்னை அறிவித்த அதே பிற்பகலில் அவரை விட்டு விலகியது. அதற்கு ஈடான இன்னொரு படையை ஏழு மாதத்தில் யாராலும் கட்ட முடியாது.

முதலமைச்சரின் ஊரில்

மருத்துவமனையை விட்டு வந்த ஷர்மிளா டெல்லிக்குப் போய் அரவிந்த் கேஜ்ரிவாலைச் சந்தித்து ஆலோசனை கேட்டார். அக்டோபர் 18 அன்று கட்சியைத் தொடங்கினார். ஹார்வர்டில் படித்துத் திரும்பிய எரேந்திரோ லெய்ச்சோம்பாம் அமைப்பாளர்களில் முக்கியமானவர். சின்னம் விசில். பணம் பொதுமக்களிடம் இணையம் வழியாகத் திரட்டியது. கேஜ்ரிவால் தன் பங்காக 50,000 ரூபாய் கொடுத்தார். வேட்புமனு தாக்கல் செய்ய இம்பாலிலிருந்து தௌபாலுக்கு 20 கிலோமீட்டருக்கும் மேலான தூரத்தை ஷர்மிளா சைக்கிளில் போனார். பதினாறு ஆண்டு குழாய்வழி உணவில் இருந்த உடம்பு என்பதை மறக்க வேண்டாம்.

முதலில் சொந்தப் பகுதியான குரயிலும் நிற்கப்போவதாகப் பேச்சு இருந்தது. கடைசியில் தௌபால் மட்டும் என்று முடிவானது. அந்த முடிவை வெறும் வீம்பு என்று எழுதியவர்கள் சட்டத்தைச் சரியாகப் படிக்கவில்லை.

சிறப்பு அதிகாரச் சட்டம் மத்திய சட்டம்தான், மாநிலச் சட்டமன்றத்தால் அதை நீக்க முடியாது. ஆனால் ஒரு பகுதி 'கலவரப் பகுதி' என்று அறிவிக்கப்பட்டால்தான் அங்கே அது செல்லுபடியாகும். அந்த அறிவிப்பை ஆளுநரும் வெளியிடலாம், மத்திய அரசும் வெளியிடலாம். மணிப்பூரில் மாநில அமைச்சரவைதான் அந்த அறிவிப்பை நீட்டித்துக்கொண்டே வந்தது. மனோரமா படுகொலைக்குப் பிறகு 2004 ஆகஸ்டில், மத்திய அரசுக்கு விருப்பமில்லாதபோதும், இம்பால் நகரின் 7 சட்டமன்றத் தொகுதிகளிலிருந்து அறிவிப்பை விலக்கியதும் மாநில அரசுதான். அதைச் செய்தவர் இபோபி சிங். மற்ற இடங்களுக்கு நீட்டித்துக்கொண்டே போனவரும் அவரே. ஆக, முதலமைச்சர் நினைத்தால் முடியும் என்று ஷர்மிளா சொன்னதற்கு ஆதாரம் இருந்தது. கையெழுத்துப் போடுகிறவரை அவர் ஊரிலேயே போய்க் கேள்வி கேட்பது என்ற யோசனைக்கு ஒரு நேர்மை இருந்தது.

நேர்மை இருந்தது, வழி இல்லை. இபோபி 2002 முதல் தொடர்ந்து 15 ஆண்டு முதலமைச்சர். 2007இலிருந்து தௌபால் அவர் தொகுதி. பக்கத்துத் தொகுதியான கங்காபோக்கில் முன்பு அவர் மனைவி சட்டமன்ற உறுப்பினர், 2017இல் அங்கே மகன் வென்றார். ஒரு தொகுதிக்குச் சுமார் 30,000 வாக்காளர்கள் மட்டுமே உள்ள மாநிலம் மணிப்பூர். இந்த அளவில் வேட்பாளரின் ஆட்களுக்கு ஒவ்வொரு வீடும் தெரியும். யார் வீட்டுப் பையன் காவல்துறை வேலைக்குக் காத்திருக்கிறான், யாருக்குச் சாலை ஒப்பந்தம் நிலுவை என்பதும் தெரியும். தொழிற்சாலைகள் இல்லாத, அரசு வேலையே குடும்பத்தின் எதிர்காலமான ஓர் இடத்தில், சொந்தத் தொகுதிக்காரர் முதலமைச்சராக இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது நம் ஊர் 'வி.ஐ.பி. தொகுதி' மக்களுக்குச் சொல்லாமலே விளங்கும். இந்த மக்களிடம் போய், உங்கள் ஊர் முதல்வரை இறக்குங்கள் என்று கேட்டார் ஷர்மிளா.

இபோபிக்குப் பதிலாக வரப்போவது என்ன என்பதற்கும் பதில் இல்லை. 60 இடங்கள் உள்ள சட்டமன்றத்துக்கு அந்தக் கட்சி நிறுத்தியவர்கள் 3 பேர். மூன்று பேரும் ஜெயித்தாலும் முதலமைச்சர் பதவி வராது, அறிவிப்பை நிறுத்தும் பேனா கைக்கு வராது. முதலமைச்சராவேன் என்ற வாக்குறுதியும் 3 வேட்பாளர் என்ற கணக்கும் ஒன்றோடொன்று மோதின. வாக்காளர் இதைக் கவனித்தார். பணமும் மிரட்டலும் மணிப்பூர்த் தேர்தலில் வேலை செய்வதைப் பற்றி ஷர்மிளாவே மனம் நொந்து பேசியிருக்கிறார். அது இல்லாத தேர்தலாக இருந்திருந்தாலும் இந்தக் கேள்வி நின்றிருக்கும்.

மூவரில் வபகாய் தொகுதியில் நின்ற நஜிமா பீபியைத் தனியாகச் சொல்ல வேண்டும். மணிப்பூர் முஸ்லிம் சமூகத்திலிருந்து சட்டமன்றத்துக்கு நின்ற முதல் பெண் அவர். செத்தால் புதைக்க இடம் கொடுக்க மாட்டோம் என்ற அளவுக்கு எதிர்ப்பு வந்தது, பின்வாங்கவில்லை. கிடைத்தது 33 வாக்குகள். அகில இந்தியச் செய்திகள் ஷர்மிளாவின் 90ஐப் பேசித் தீர்த்தபோது இந்த 33 ஓரமாக ஒரு வரியில் போய்விட்டது. அவர் எடுத்த துணிவு எந்த வகையிலும் குறைந்ததில்லை.

தேர்தல் வேறு எதையோ பற்றியது

ஷர்மிளாவின் கட்சிக்கு ஊழல், வேலைவாய்ப்பு பற்றியெல்லாம் சொல்ல இருந்தது. ஆனால் மக்கள் மனதில் அவர் என்றால் ஒரே சட்டம். அந்த ஆண்டு மணிப்பூரில் பேச்சு வேறு.

2016 நவம்பர் 1 அன்று மலைப்பகுதி நாகா மக்களின் அமைப்பான ஐக்கிய நாகா கவுன்சில் நெடுஞ்சாலைகளை மறித்துப் பொருளாதார முற்றுகையைத் தொடங்கியது. புதிய மாவட்டங்கள் உருவாக்கும் யோசனைக்கு எதிரான மறியல் அது. டிசம்பரில் இபோபி அரசு 7 புதிய மாவட்டங்களை அறிவித்தே விட்டது. தௌபாலைப் பிரித்து உருவான காக்சிங்கும் அவற்றில் ஒன்று. முற்றுகை தேர்தல் முடியும்வரை, நான்கு மாதங்களுக்கு மேல், நீடித்தது. இம்பால் பள்ளத்தாக்குக்கு வெளியிலிருந்து எல்லாப் பொருளும் லாரியில்தான் வர வேண்டும். பெட்ரோலுக்கு நீண்ட வரிசை, கள்ளச்சந்தையில் பல மடங்கு விலை, சமையல் எரிவாயு இல்லை. 2015இல் மத்திய அரசு நாகா அமைப்புடன் போட்ட ஒப்பந்தத்தில் மணிப்பூரின் நிலப்பரப்பு என்னவாகும் என்ற அச்சமும் பள்ளத்தாக்கில் பெரும்பான்மையாக உள்ள மெய்தெய் மக்களிடம் சேர்ந்துகொண்டது. மணிப்பூரின் எல்லையைக் காப்பவர் யார் என்ற கேள்வியில் காங்கிரசும் பாஜகவும் மோதின. 2012இல் ஓரிடமும் பெறாத பாஜக இம்முறை 21 இடங்கள் பெற்றது, காங்கிரசுக்கு 28. அடுப்பு எரியாத வீட்டில் உட்கார்ந்து இந்த மோதலைப் பார்த்த குடும்பத்துக்கு மூன்றாவதாக ஒருவர் கேட்கும் குரல் எட்டவில்லை.

சட்டத்தைப் பற்றிய அவசரமும் அப்போது பள்ளத்தாக்கில் தணிந்திருந்தது. இம்பால் நகரிலிருந்து 2004இலேயே அது விலகியது. 1979 முதல் 2012 வரை நடந்ததாகச் சொல்லப்படும் 1,528 போலி மோதல் கொலைகள் பற்றிய வழக்கை உச்ச நீதிமன்றம் கையில் எடுத்த பிறகு, சுட்டுக்கொல்லப்படும் செய்திகள் பெருமளவு குறைந்தன. 2016 ஜூலையில் அந்த நீதிமன்றம், கலவரப் பகுதியிலும் படையினருக்கு முழு விலக்கு இல்லை என்று சொன்னது. அந்த வழக்கைத் தொடுத்தவர்கள் கணவனையும் மகனையும் பறிகொடுத்த பெண்கள். அந்த இறப்புகளில் பல மாநிலக் காவல் கமாண்டோக்களின் கையால் நடந்தவை. தேர்தலில் இபோபியைப் பார்த்துக் கேட்டிருக்க வேண்டிய மிகக் கூர்மையான கேள்வி இதுவே என்பது என் எண்ணம். 15 ஆண்டும் காவல்துறை அவர் ஆட்சியின் கீழ்தான் இருந்தது. அந்தப் பெண்களை மேடையில் வைத்து, அந்தக் கேள்வியை மையமாக்கி ஒரு பிரச்சாரம் நடந்திருந்தால் 90 வாக்கு ஆயிரம் வாக்காகியிருக்குமா என்று சொல்ல முடியாது. டெபாசிட்டும் போயிருக்கும். ஆனால் முதலமைச்சர் பதில் சொல்லியே ஆக வேண்டிய தேர்தலாக அது இருந்திருக்கும்.

குரயில் நின்றிருந்தால்? சிறுமியாக அவரைப் பார்த்தவர்கள், அண்ணனை அறிந்தவர்கள், ஈமா (அம்மா) ஷக்கியின் மகள் என்று பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் அங்கே இருந்தார்கள். அங்கும் வெற்றி கடினமே. ஆனால் வாக்குக் கேட்க வேட்பாளர் முன்னால் போய் நிற்கும்போது அவரை ஒரு மனுஷியாகப் பார்க்கச் சில நூறு வீடுகளாவது இருந்திருக்கும். தௌபாலில் அவர் கடைசிவரை சுவரொட்டியிலிருந்து இறங்கி வந்தவராகவே இருந்தார். எளிய உடையில் சைக்கிளில் வந்து வாசலில் நின்றவரைப் பார்த்துக் கண் கலங்கிய பெண்கள் இருந்திருப்பார்கள். வாக்கை வேறிடத்தில் போட்டவர்களும் அவர்களாகவே இருந்திருப்பார்கள். அந்தக் கண்ணீரைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

போராட்டக்காரர்கள் தேர்தலில் தோற்பது புதிதில்லை. 2014 மக்களவைத் தேர்தலில் மும்பை வடகிழக்கில் மேதா பட்கரும், கன்னியாகுமரியில் கூடங்குளம் அணுஉலை எதிர்ப்பு இயக்கத்தின் சுப. உதயகுமாரும் ஆம் ஆத்மி சார்பில் நின்று தோற்றார்கள். ஆனால் மேதாவுக்கு எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்தார்கள். அந்த இருவரும் இயக்கத்தின் நடுவே நடமாடிக்கொண்டிருந்தவர்கள், இயக்கத்தோடு வாக்குக் கேட்டவர்கள். ஷர்மிளா இயக்கம் பிரிந்த இடத்திலிருந்து தனியாகக் கேட்டார். மணிப்பூரின் இயக்கங்களும் தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: ஒரு பெண்ணின் பசியைச் சுற்றிப் பதினாறு ஆண்டு கூடினோமே, அவர் என்ன நினைக்கிறார், அடுத்து என்ன செய்ய விரும்புகிறார் என்று எத்தனை முறை கேட்டோம்? குழாய் மூக்கில் இருந்தவரை போற்றிய வாய்கள், குழாய் இறங்கிய அன்றே அவர் பேச்சைக் கேட்க மறுத்தன. அதுதான் எனக்கு 90ஐவிட வலிக்கிறது.

பிறகு

தோல்விக்குப் பின் இனித் தேர்தலில் நிற்கப்போவதில்லை என்று அறிவித்துவிட்டு, ஓய்வுக்காகக் கேரளத்தின் அட்டப்பாடிக்கு வந்தார் ஷர்மிளா. அங்கிருந்து கொடைக்கானல். 2017 ஆகஸ்ட் 17 அன்று கொடைக்கானல் சார்பதிவாளர் அலுவலகத்தில் அவர் திருமணம் பதிவானது. அவர் இங்கே தங்கினால் அமைதி கெடும் என்று அங்கேயும் ஆட்சேப மனு போனது. சார்பதிவாளர் அதைத் தள்ளுபடி செய்தார். இரட்டைப் பெண் குழந்தைகள் 2019 மே மாதம் பெங்களூரில் பிறந்தார்கள்.

2017இல் அதிக இடங்கள் பெற்றும் காங்கிரஸ் ஆட்சி அமைக்க முடியவில்லை. பாஜகவின் பிரேன் சிங் முதலமைச்சரானார். இபோபி 2022இல் தௌபாலில் மறுபடி வென்றார். 2017 சட்டமன்றத்தில் 2 ஆக இருந்த பெண்களின் எண்ணிக்கை 2022இல் 5 ஆனது. அந்த ஆண்டு ஏப்ரலில் மத்திய அரசு மணிப்பூரின் 15 காவல் நிலைய எல்லைகளில் கலவரப் பகுதி அறிவிப்பை விலக்கிக்கொண்டது. 2023 மே மாதம் மெய்தெய், குக்கி இனங்களுக்கிடையே வெடித்த வன்முறைக்குப் பின், 2024 நவம்பரில் 6 காவல் நிலைய எல்லைகளில் அதே சட்டம் திரும்ப வந்தது.